இபாதானில் நின்ற லாரி

வீட்டுக்காரர் வாடகையை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியபோது சேவானு அழவில்லை. ஷோமோலுவில் கணவன் கோகே வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடியபோதும் அழவில்லை. "லாகோஸ் இனி நமக்குக் கட்டாது. எங்க ஊர் ஓஷோக்போவுக்கே போயிடலாம். இங்க ஒரு வருஷத்துக்குக் கேக்கற வாடகையில அங்க மூணு வருஷம் காலாட்டிக்கிட்டு இருக்கலாம்" என்று அவன் சொன்னபோது, யோசித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"உங்க அக்கா இருக்கற வளவுக்கு நான் வர மாட்டேன். தனி வீடு பாருங்க."

கோகே இரண்டு தடவை ஓஷோக்போ போய் வந்தான். ஓகே ஃபியா பக்கம் தனி வீடு, தனி கேட், பின்னால் கொய்யா மரம் என்று போனில் படம் காட்டினான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சமையலறைச் சுவரில் இரண்டு ஃப்ரீசருக்கும் பிளக் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான்.

அதன் பிறகுதான் அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

இன்று கிளம்பும் நாள்.

காலையிலேயே, லாகோஸில் அவர்கள் குடியிருந்த பாரிகா வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று, இவர்கள் சாமானை ஏற்ற வந்த லாரி. மற்றது, புதுக் குடித்தனக்காரர்களின் வேன். வேனிலிருந்து இறங்கிய நிறைமாதப் பெண் ஒருத்தி ஒரு அட்டையால் விசிறியபடி, எப்போது உள்ளே போய் உட்காரலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சாவி?" என்றார் கையை நீட்டி.

"ஃப்ரீசர் இன்னும் உள்ள இருக்கு. அதையும் உங்களுக்கே விட்டுட்டுப் போகவா?"

"கோவப்படாதேம்மா. லாகோஸ் எல்லாருக்கும் ஆகற ஊர் இல்ல. முடியாதவங்க வெளியூர் போய்ப் பொழைக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

"நான் படக்ரிக்காரி. படக்ரி லாகோஸ்லதான் இருக்கு. நீங்கதான் இஜேபுலேருந்து வந்து குடியேறினவரு. ஞாபகம் இருக்கட்டும்."

சுமை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

இந்த வாசலில்தான் சேவானு ஐஸ் மீன் விற்றாள். விடியலில் குளிர்கிடங்குக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக எடுத்துவந்து, ஃப்ரீசரில் அடுக்கி, கேட்பவர்களுக்குக் கேட்ட அளவில் வெட்டிக் கொடுப்பாள். மகள் டினு இந்த மீனில்தான் படித்தாள். கடைசிப் பெட்டியை நேற்றே அக்கம்பக்கத்தவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டாள். ஒருத்தி வாங்கிக்கொண்டு, "ஓஷோக்போக்காரங்க குடுத்து வெச்சவங்க" என்று சொன்னபோது மட்டும் சேவானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"டினு அம்மா, ஏறு. நேரமாச்சு" என்றான் கோகே. லாரியின் பின்னால் கட்டில், மெத்தை, ஃப்ரீசர்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். "நான் இங்க இருந்து சாமானைப் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னால உக்காருங்க."

"வெயில்ல கருகிப் போவீங்க. டிரைவரோட பையன் ஏறட்டும், நீங்க கீழே வாங்க."

"பையன் வரல. பரவாயில்ல விடு."

இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார அவனுக்கு விருப்பமில்லை என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை. அக்கறை என்றே நினைத்தாள்.

சாவியை வீட்டுக்காரரின் கையில் கொடுக்காமல், அந்த நிறைமாதப் பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்தாள்.

"சமையல்கட்டுக் குழாயை இறுக்கி மூடாதே. மேலே தூக்கிட்டுத் திருப்பணும்" என்றாள்.

அந்தப் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் முழங்காலை லேசாக மடக்கி நன்றி சொன்னாள்.

லாரி கிளம்பியது.

*

டிரைவர் லசிசிக்கு வாய் சும்மா இருக்காது. லாகோஸ் எல்லையில் பெர்ஜர் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது அரசாங்கத்தைத் திட்டினான். ஜன்னல் பக்கம் ரொட்டி விற்றுக்கொண்டு ஓடிவந்தவனை, "உன் ரொட்டியும் சுருங்கிப் போச்சு, நீயும் சுருங்கிப் போயிட்டே" என்று வம்புக்கு இழுத்தான். நெடுஞ்சாலையில் ஏறியதும் சொந்தக் கதை.

"நான் பொறந்ததே ஓஷோக்போதான்மா. லாகோஸ்ல லாரி ஓட்டறேனே தவிர மனசு அங்கதான். நல்ல ஊர். ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள ஊரையே சுத்தி வந்துரலாம்."

சேவானுவுக்குச் சிரிப்பு வந்தது. "கரண்டு எப்படி?"

"லாகோஸைவிட மோசம் இல்ல. லாகோஸைவிட மோசமா இருக்கவும் முடியாதே!"

நடுவில் உட்கார்ந்திருந்த டினு சிரிக்கவில்லை. காதில் பாட்டு ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பதினெட்டு வயது. பள்ளித் தேர்வு முடிந்து பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கிறாள். தோழிகளை விட்டுப் பிரிகிற வருத்தம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சேவானு நினைத்தாள்.

"ஓஷோக்போல மீன் கடை போடப் போறேன்" என்றாள் லசிசியிடம். "வீட்டுக்கு முன்னாலயே. ரோட்டைப் பாத்த வீடு."

"ரோட்டையா?" லசிசி புருவத்தைத் தூக்கினான். "நல்லாப் போகும், நல்லாப் போகும். ஒரே ஒரு கவலைதான்மா எனக்கு. அந்தச் சந்துல லாரி திரும்பாது. கிணத்தாண்ட நிறுத்திட்டுத் தூக்கிட்டுத்தான் போகணும். ஃப்ரீசரைத் தூக்க ஆள் வேணும். ஆவெரோ அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கீங்கள்ல?"

சேவானு சாலையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எந்த ஆவெரோ?"

"கோகே அண்ணனோட அக்காம்மா. அய்யெடுன் வளவு. இசாலே ஆரோல, எங்கம்மா வீட்லேருந்து ரெண்டு சந்து தள்ளி. அவர் சொன்னதுமே எனக்கு இடம் தெரிஞ்சிருச்சு."

"நாங்க போறது ஓகே ஃபியாவுக்கு."

லசிசி சிரித்தான். "ஓகே ஃபியாவா? அது ஊருக்கு அந்தப் பக்கம்! அவர் இசாலே ஆரோன்னுதானே..." சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். "எனக்குச் சரியாக் காதுல விழலயோ என்னமோ" என்று முனகிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

சேவானு கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள்.

பிறகு மகளைப் பார்த்தாள். டினு கண்ணைத் திறந்திருந்தாள். காதில் ஒயர் இருந்தது, பாட்டு ஓடவில்லை. அம்மாவைப் பார்க்காமல், லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள் சேவானு.

"அம்மா, இங்க நிறுத்த முடியாது. பின்னால டேங்கர் வருது. இபாதான் வந்துருச்சு. அமாலா கடைல நிறுத்தறேன். எப்படியும் சாப்பிடணும்ல?"

லசிசி கியரை மாற்றி வண்டியை விரட்டினான்.

அய்யெடுன் வளவுக்கு சேவானு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறாள். டினுவுக்குப் பெயர் வைத்த அன்று. பந்தலில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்துவந்தபோது, கோகேயின் அக்கா ஆவெரோ எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "படக்ரி பக்கத்து ஏகுன் பொண்ணுங்க நம்ம ஊருக்கு வீட்டு வேலைக்குத்தான் வருவாங்க. இவ வீட்டுக்கே வந்துட்டா!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. கோகேயும் சிரித்தானா என்பது மட்டும் சேவானுவுக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கேட்கவும் வரவில்லை.

*

அமாலா கடைக்கு முன்னால் லாரி நின்றதும் கோகே மேலிருந்து குதித்தான். முகமெல்லாம் தூசி.

"பசி உயிர் போகுது. டினு, உனக்கு என்ன..."

சேவானு அவனைக் கடந்து போய், மகளின் கையைப் பிடித்துக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனாள். தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

டினு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்போலேருந்து?"

"ஒரு வாரமா. அப்பா குளியலறைல கதவைச் சாத்திட்டு ஓகே ஃபியா வீட்டு ஏஜெண்டுகிட்ட பேசிட்டிருந்தார். கெஞ்சினாரும்மா. அழுதார்னு நினைக்கிறேன். அந்த வீட்டை அவன் நாலஞ்சு பேருக்குக் காட்டி, எல்லார்கிட்டயும் முன்பணம் வாங்கிட்டானாம். அப்புறம் போனையே எடுக்கலயாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானே சொல்றேன்னு அப்பா சத்தியம் பண்ணாரு."

"நீ சொல்லியிருக்கணும்!"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?"

"கிளம்பியிருக்க மாட்டேன்."

"கிளம்பாம எங்க இருந்திருப்போம்? அதுக்குள்ள பாரிகா வீட்டுக்கு வேற ஆள் பணம் கட்டிட்டாங்களேம்மா." டினுவின் குரல் உடைந்தது. "நீ ஒவ்வொரு பாத்திரமா நியூஸ்பேப்பர்ல சுத்தறப்போ நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். எனக்கு மட்டும் நல்லா இருந்துச்சுன்னு நினைக்கிறியா?"

சேவானுவுக்குக் கை பரபரத்தது. அடிக்கவா அணைக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் செய்யாமல், தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

கோகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லசிசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"டினு அம்மா, நான் சொல்றதைக் கேளு..."

"ஓகே ஃபியா வீட்ல கொய்யா காய்ச்சிருக்கா?"

அவன் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டான்.

"சமையல்கட்டுல பிளக் எத்தனை இருக்கு? ரெண்டா, மூணா? நான் கேட்டப்போ சட்டுனு பதில் சொன்னீங்களே, இப்பவும் சொல்லுங்க."

"வீடு நிஜமாவே இருந்துச்சு. நான் உள்ள போய்ப் பாத்தேன். ஏமாத்திட்டான். என்னை மாதிரி இன்னும் நாலு பேரை ஏமாத்தியிருக்கான்."

"ஏமாந்தது தப்பில்ல. லாகோஸ்ல வாத்தியாரும் ஏமாறறான், போலீஸும் ஏமாறறான். ஏமாந்ததை ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அச்சகம் போச்சு. வீடு போச்சு. இதுவும் போச்சுன்னு உன் முன்னாடி வந்து எப்படி நிக்கறது?"

"அதனால லாரியில ஏத்தி, நான் வர மாட்டேன்னு சொன்ன வாசல்லயே கொண்டு போய் இறக்கிடலாம்னு பாத்தீங்க."

"அப்பா எனக்குன்னு விட்ட ரெண்டு ரூம் அங்க இருக்கு. அது என் பங்கு. வாடகை கிடையாது. ஆறு மாசம், ஒரு அச்சகத்துல வேலை கிடைக்கறவரைக்கும்..."

"உங்க அக்கா என்னை என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டீங்களா?"

"அது நடந்து பதினெட்டு வருஷம் ஆச்சு!"

"எனக்கு ஆகல."

அமாலாக் களி கிண்டிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண்மணி துடுப்பை நிறுத்திவிட்டாள். "இந்தாப்பா, பொண்டாட்டிகிட்ட வீட்டு விஷயத்துல பொய் சொல்லலாமா? வேற எதுல வேணா சொல்லு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

லசிசி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான். தயங்கித் தயங்கி நின்றான். "அம்மா... அங்க எனக்கு இன்னொரு லோடு காத்திட்டிருக்கு. இருட்டறதுக்குள்ள இறக்கணும். திரும்பி லாகோஸ் போகணும்னாலும் போறேன், ஆனா இப்பவே சொல்லிடுங்க."

திரும்பி எங்கே போவது? பாரிகா வீட்டில் இந்நேரம் அந்த நிறைமாதப் பெண் குழாயைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருப்பாள். படக்ரியில் தம்பி வீட்டில் அவனுக்கே பாய் விரிக்க இடமில்லை. அங்கே இரண்டு ஃப்ரீசரோடு போய் நின்றால் தம்பி மனைவி ஒரே ஒரு நாள்தான் முகம் சுளிக்காமல் இருப்பாள்.

சேவானு நிமிர்ந்தாள். இன்னொரு கேள்வி இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"உங்க அக்கா வரச் சொன்னாங்களா?"

கோகே லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாம வர்றது அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சாமானோட போய் வாசல்ல நின்னா, போன்னு சொல்லிடுவாளா? ஊர் பாக்கும்ல?"

டினு வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கும் தெரியாத செய்தி.

"போனைக் குடுங்க" என்றாள் சேவானு.

"இப்ப வேண்டாம். நான் அங்க போனதும் பக்குவமா..."

"குடுங்க."

அவன் போனிலிருந்து ஆவெரோவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை ஒரே மணியில் துண்டிக்கப்பட்டது. யாரோ பார்த்துவிட்டே துண்டிக்கிறார்கள்.

அந்த எண்ணைத் தன் போனில் போட்டாள். உடனே எடுத்தார்கள்.

"யாரு?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆனாலும் அதே குரல். சேவானு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்தபடி பேசினால் வாய் வராது என்று தோன்றியது.

"நான் சேவானு பேசறேன்க்கா. டினு அம்மா."

மறுமுனையில் எங்கோ ஆடு ஒன்று கத்தியது. ஆவெரோ அதை அதட்டி விரட்டினாள்.

"யார் செத்தது?" என்றாள் கடைசியில்.

"யாரும் சாகல. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"அப்புறம் உனக்கு என் ஞாபகம் எப்படி வந்துச்சு?"

"நாங்க லாகோஸ்ல வீட்டைக் காலி பண்ணிட்டோம். லாரியில சாமானோட இபாதான்ல நிக்கறோம். உங்க தம்பி உங்க வளவுக்கு வர்றதா டிரைவர்கிட்ட சொல்லியிருக்கார். என்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. எனக்கு இப்பதான் தெரியும்."

"அந்த ரெண்டு ரூம்ல பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி குடியிருக்கா. வாடகைக்கு விட்டு வருஷமாச்சு."

சேவானு கண்ணை மூடித் திறந்தாள்.

"சரிக்கா."

"சரின்னா? இப்ப நீ என்கிட்ட என்ன கேக்கறே? இடம் கேக்கறியா, இல்ல நான் அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?"

"ரெண்டும் கேக்கல. சொல்லாம கொள்ளாம லாரியோட வந்து உங்க வாசல்ல நின்னு, ஊரைக் காட்டி உள்ள நுழையறவ நான் இல்ல. அதை உங்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வெச்சிடறேன்."

"நில்லு."

சேவானு போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான். இல்லன்னு மழுப்ப மாட்டேன். வாய்க்கொழுப்பு" என்றாள் ஆவெரோ. "ஆனா நீ அதுக்குப் பதிலுக்குச் செஞ்சது அதைவிடப் பெருசு. நான் பேசினது ஒரு வார்த்தை. நீ ஒரு மகனையே அப்பன் அடக்கத்துக்கு விடாம வெச்சுக்கிட்டே."

"என்ன சொல்றீங்க?"

"மூணு வருஷம் முன்னாடி. ஒரே மாதிரி குடும்பத் துணி உடுத்தி நாங்க அத்தனை பேரும் வரிசையா நின்னோம். மூத்த மகன் நிக்கற இடம் காலியா இருந்துச்சு. பாதிரியார் என்கிட்ட வந்து, இன்னும் காத்திருக்கணுமான்னு கேட்டாரு. நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறே?"

கடையின் இரைச்சல், சாலையின் ஹாரன்கள், எல்லாம் தூரத்தில் கேட்டன. சேவானு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் பெஞ்சில் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "அவர் வந்தார். அந்தக் குடும்பத் துணியைச் சந்தையில தேடி வாங்கி அக்பாடா அங்கி தெச்சது நான். இஸ்திரி போட்டு மடிச்சுப் பெட்டியில வெச்சதும் நான். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தார். அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னார். சாப்பாடு என்ன போட்டாங்கன்னுகூடச் சொன்னார். நான் வரலையேன்னு இத்தனை வருஷமா நான்தான் உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டிருக்கேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ தடுக்கலையா?"

"மாமா அடக்கத்தைத் தடுக்கற அளவுக்கு நான் கெட்டவளா?"

"கெட்டவள்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் ஆவெரோ. மறைக்காமல் சொன்னாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடுத்து வந்தது வீட்டுக் காரியம் பார்க்கிற பெண்ணின் குரல். "பெரிய சாமான் என்னென்ன இருக்கு?"

"கட்டில் ரெண்டு. ஃப்ரீசர் ரெண்டு."

"ஃப்ரீசர் நடைபாதைல நிக்கும். என் ரூம் பெருசு, நீயும் பொண்ணும் அங்க படுத்துக்கலாம். டீச்சர் அடுத்த மாசம் காலி பண்றதாச் சொல்லிட்டிருக்கா. பண்ணட்டும், பண்ணலைன்னா பாப்போம். லாரி கிணத்தைத் தாண்டி வராது, டிரைவர்கிட்ட சொல்லிடு."

"அவருக்குத் தெரியும்க்கா."

"ஆனா ஒண்ணு. உன்னையும் என் தம்பி பொண்ணையும்தான் வரச் சொல்றேன். அவனை இல்ல. அந்த ஒரு வாரம் எங்க இருந்தான்னு அவன் வாயால கேக்காம, அவன் காலை என் வாசப்படியில வைக்க விட மாட்டேன். நீ கேட்டாலும் சரி, நான் கேட்டாலும் சரி."

போன் வைக்கப்பட்டது.

*

"என்ன சொன்னா?" கோகே எழுந்து வந்தான்.

"இடம் குடுத்துட்டாங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல! அக்கா வெளிய கரடுமுரடாத் தெரிவா, உள்ள..."

"எனக்கும் டினுவுக்கும்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"நானும் அவளும் ஓஷோக்போ போறோம். அது முடிவாயிருச்சு" என்றாள் சேவானு. குரலை உயர்த்தவில்லை. "வர மாட்டேன்னு நான்தான் சொன்னேன், இப்ப நானே போறேன். நீங்க இழுத்துட்டுப் போறதால இல்ல, அவங்க கூப்பிட்டதால. நீங்க எங்ககூட வரீங்களா இல்லையாங்கறது இனிமே நீங்க சொல்லப் போறதுல இருக்கு. மாமா அடக்கத்துக்கு நீங்க போகவே இல்லையாமே?"

கோகே சுற்றுமுற்றும் பார்த்தான். கடைக்காரப் பெண்மணி சட்டென்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

லசிசி இதற்குள் லாரியில் ஏறி இஞ்ஜினைக் கிளப்பிவிட்டிருந்தான். மெத்தைகளுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் நடுங்கியது.

"போனேன்" என்றான் கோகே. இஞ்ஜின் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

"என்ன?"

"போனேன்னு சொன்னேன். நீ தெச்சுக் குடுத்த அக்பாடாவைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். வளவு வாசல் வரைக்கும் போனேன். உள்ள மேளம் அடிச்சிட்டிருந்தாங்க. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன்."

"வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பினீங்களா? பெத்த அப்பா உள்ள கிடக்கறப்போ?"

அவன் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் அவன் முகத்தில் அவள் பார்த்திராத ஏதோ ஒன்று அங்கே தெரிந்தது. கோபம் அல்ல, வெட்கமும் அல்ல. அது பயம்.

"வாசல்ல ஒருத்தர் நின்னுட்டிருந்தார்" என்றான். பிறகு டினுவைப் பார்த்தான். "அவளை வண்டியில ஏறச் சொல்லு, டினு அம்மா. அவ இருக்கறப்போ என்னால சொல்ல முடியாது."

"நான் ஏற மாட்டேன்ப்பா" என்றாள் டினு. காதில் தொங்கிய ஒயரை உருவிப் பைக்குள் திணித்தாள். "இந்த ஒரு வாரமா உங்களுக்காக வாயை மூடிட்டு இருந்தேன். அம்மா பாத்திரத்தை எல்லாம் சுத்தறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இப்ப நீங்க சொல்லப் போறதையாவது நான் கேக்கணும்."

லசிசி ஹாரனை அழுத்தினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அம்மா! இருட்டிரும்!"

சேவானு கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பந்தலில் அன்று பார்க்கத் தைரியம் வராத முகம். இன்று நேராகப் பார்த்தாள்.

"இஞ்ஜினை அணைங்க லசிசி" என்றாள். "அவர் பேசி முடிக்கட்டும்."

லசிசி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவசரம் என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தவன், சொல்லவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.